‘பூனை’ என்று சொன்னேன், ‘நான்’ என்று கேட்டிருக்கிறது: லோஜ்பான் மெய்ம்மயக்கத்தில் ஒரு சிக்கல்

கொடுக்காப்புளி எழுதியது:

மூன்று மாதமாக லோஜ்பான் என்ற செயற்கை மொழியைப் படித்துவருகிறேன். எழுத்தில் ஓரளவு தேறிவிட்டேன் என்ற நினைப்பில் போன சனிக்கிழமை முதன்முறையாகக் குரல் அரட்டைக்குப் போனேன். எதிர்முனையில் இருந்தவரின் மடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை. அதைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சொல்தான். ‘ம்லாது’ என்றேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னேன். அவர் பூனையை இறக்கிவிட்டு, உரைப்பெட்டியில் மூன்று சொற்களைத் தட்டினார்: ‘மி’, ‘லா’, ‘தூ’. இதைத்தானா சொன்னீர்கள் என்று ஒரு கேள்விக்குறி.

மி என்றால் ‘நான்’. லா என்பது பெயருக்கு முன்னால் வரும் ஒட்டு. தூ என்றால் ‘அதோ இருப்பது’. நான் ஒரு சொல் சொல்ல, அவர் காதில் மூன்று சொற்கள் விழுந்திருக்கின்றன.

பிறகு என் குரலை நானே பதிவு செய்து கேட்டேன். அவர் மேல் தப்பே இல்லை. அட்சரம் பிசகாமல் ‘மிலாது’ என்றுதான் சொல்லியிருக்கிறேன். மகாரத்துக்கும் லகரத்துக்கும் நடுவில் ஓர் இகரம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு முயன்றாலும் போகவில்லை. இதே தொல்லை உங்களுக்கும் உண்டா? எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

எல்லோருக்கும் உண்டு. ‘மி ப்ராமி தோ’ என்றால் ‘உன்னைக் காதலிக்கிறேன்’. நம்மவர் அதை ‘மி பிராமி தோ’ என்பார்கள். கேட்பவருக்கு அது மி, பி, ரா, மி, தோ: ‘நான், தசமப்புள்ளி, அவர், நான், நீ’. காதல் எந்த இடத்தில் உதிர்ந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ‘க்லாமா’ (போதல்) ‘கிலாமா’ ஆனால் கி, லா, மா என்று மூன்று துண்டு.

இது உச்சரிப்பு அழகு பற்றிய விஷயம் அல்ல, மொழியின் கட்டுமானமே இதில்தான் நிற்கிறது. வேலைக்குக் கிளம்ப வேண்டும். இரவு விரிவாக எழுதுகிறேன்.

வெண்டைக்காய் எழுதியது:

தெரியாமல்தான் கேட்கிறேன். சிலர் உட்கார்ந்து யோசித்துச் செய்த மொழிதானே? ‘ம்ல’ என்று தொடங்கும் சொல்லை எதற்காக வைத்தார்கள்? பூனைக்கு மலாது என்று வைத்திருந்தால் யார் வீட்டுக் குடி கெட்டுப்போயிருக்கும்?

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு குறியீடு. நம் எழுத்தில் க, ச, த, பவுக்கு ஒலிப்புள்ளது, ஒலிப்பில்லாதது என்ற வேறுபாடு கிடையாது. லோஜ்பானில் அதுதான் உயிர்நாடி. அதனால் ஒலிப்புள்ள மெய்க்கு முன்னால் ஒரு வட்டம் போடுகிறேன். ‘கல்’ என்பதில் வருவது க, ‘தங்கம்’ என்பதில் வருவது °க. அதேபோல் °த, °ப. ‘ஸ’வைத் தொண்டை அதிரச் சொன்னால் °ஸ. ‘ஷ’வை அப்படிச் சொன்னால் °ஷ, அதாவது பிரெஞ்சுக்காரர் வாயில் வரும் ஜகரம். இந்தக் கணக்கில் மேலே நான் எழுதிய ‘தோ’ உண்மையில் ‘°தோ’.

லோஜ்பானுக்கு 17 மெய், 6 உயிர். உயிரில் அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்தோடு, வாயை அரைகுறையாகத் திறந்து சொல்லும் மங்கலான அகரம் ஒன்றும் தனி எழுத்து. குறில் நெடில் வேறுபாடு கிடையாது.

இனி மெய் இணைகள். பதினேழையும் பதினேழோடு சேர்த்தால் 289 இணை வரும். அதில் கழித்துக்கொண்டே வருவோம். ஒரே மெய் இரண்டு முறை அடுத்தடுத்து வரக்கூடாது. ஒலிப்புள்ளதும் ஒலிப்பில்லாததும் பக்கத்தில் பக்கத்தில் வரக்கூடாது. ல, ம, ன, ர நான்குக்கு மட்டும் இந்தத் தடை இல்லை, அவை யாரோடும் சேரும். ஸ, °ஸ, ஷ, °ஷ என்ற சீறும் கூட்டத்தில் எந்த இரண்டும் சேரக்கூடாது. ‘அஃகம்’ என்பதில் உரசி வருகிறதே, அதைப் போன்ற ஒரு மெய் உண்டு. அது ககரத்தோடும் ஷகரத்தோடும் முன்னும் பின்னும் சேராது. கடைசியாக, மகரத்துக்குப் பின் °ஸ வரக்கூடாது. இவ்வளவும் போக மிச்சம் 179 இணை. சந்தேகம் இருந்தால் கட்டம் போட்டு எண்ணிப்பாருங்கள், நான் எண்ணியிருக்கிறேன். அந்த 179-லும் சொல்லின் தொடக்கத்தில் வரத்தக்கவை 48 மட்டுமே. ம்ல, ம்ர உண்டு, ம்ன கிடையாது. க்ல, க்ர உண்டு, க்ன கிடையாது. ஸ்ப உண்டு, ப்ஸ கிடையாது.

இப்போது வெண்டைக்காயின் கேள்விக்கு வருகிறேன். லோஜ்பானின் குறிக்கோள், இடைவெளியே இல்லாமல் பேசினாலும் சொற்களை ஒரே ஒரு விதமாகத்தான் பிரிக்க முடிய வேண்டும் என்பது. நாம் ‘பலகையொலி’ என்று எழுதி, ‘பல கை ஒலி’யா ‘பலகை ஒலி’யா என்று ரசிக்கிறோமே, அந்த ரசனைக்கு அங்கே அனுமதி இல்லை. இதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. பொருள் தாங்கும் சொல் எதுவானாலும் முதல் ஐந்து எழுத்துக்குள் ஒரு மெய் இணை இருந்தே ஆக வேண்டும். முடிவு உயிராக இருக்க வேண்டும். இடைச்சொல் போன்ற சிறு சொற்களில் மெய் இணை இருக்கவே கூடாது. பெயர்கள் மெய்யில் முடிய வேண்டும். ஆக, காதில் மெய் இணை விழுந்தால் ‘பொருள் தாங்கும் சொல் வருகிறது’ என்று அர்த்தம். அந்த இணைக்கு நடுவில் ஓர் இகரத்தைச் செருகிவிட்டால் அந்த அடையாளக் கொடியைப் பிடுங்கிய மாதிரி. சொல் சிறு சொற்களாகச் சிதறிவிடும். மலாது என்று வைத்திருந்தால் மா, லா, தூ என்று சிதறியிருக்கும்.

ஒரு வேடிக்கை. சிறு சொற்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஷ்மாவோ’. அதுவே பொருள் தாங்கும் சொல் என்பதால் அதன் தலையில் மெய் இணை!

48-க்கும் இதே காரணம்தான். பாடநூலில் ஓர் உதாரணம் உண்டு: ‘தோஸ்மா°ப்ரு’ என்று ஒரு கூட்டுச்சொல் கட்டினால், ‘ஸ்ம’ சொல்லின் தொடக்கத்தில் வரத்தக்க இணை என்பதால், ‘தோ’ தனியே கழன்று ‘ஸ்மா°ப்ரு’ வேறு சொல்லாகிவிடும். தோ என்பது அடைப்புக்குறியைத் திறக்கும் சிறு சொல். ஆகவே ஸகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவில் மங்கல் அகரத்தைப் போட்டு ஒட்ட வேண்டும். சேரக்கூடாத மெய்கள் கூட்டுச்சொல்லில் அடுத்தடுத்து வந்தாலும் அதே பசைதான். °நெருப்பைக் குறிக்கும் ‘ஃபா°க்’ என்ற துண்டும் கழிவைக் குறிக்கும் ‘ஃபெஸ்தி’யும் சேர்ந்தால் சாம்பல். ஆனால் °க ஒலிப்புள்ளது, ஃப ஒலிப்பில்லாதது. எனவே நடுவில் மங்கல் அகரம்.

(நெருப்புக்கு முன்னால் வட்டம் தவறுதலாக விழுந்துவிட்டது. கை பழகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

யாழ்நூலகன் எழுதியது:

நல்ல விளக்கம், அண்ணா. நம் இலக்கணத்தில் உயிரும் உயிரும் மோதும் இடத்தில் யகரமோ வகரமோ வந்து உடம்படுமெய் ஆகிறது. அங்கே மெய்யும் மெய்யும் மோதும் இடத்தில் ஓர் உயிர். உடம்படு உயிர் என்று சொல்லலாம் போலிருக்கிறதே.

அரைமாத்திரை எழுதியது:

வணக்கம். நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். லோஜ்பான் தெரியாது. பேரன் காட்டித்தான் இந்த இழையைப் படித்தேன். கொடுக்காப்புளித் தம்பி ‘இகரம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது’ என்று எழுதியதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. அது எங்கிருந்தோ வரவில்லை, தம்பி. நன்னூலில் இருந்து வருகிறது.

பதவியலின் கடைசியில் வடசொல் தமிழாகும் விதத்தைப் பவணந்தியார் சொல்கிறார். இரண்டு மெய் இணைந்து வரும் சொல்லில் பின்னால் நிற்பது ய, ர, லவாக இருந்தால் நடுவில் இகரம் வரும்: வாக்கியம், வக்கிரம், சுக்கிலம். மகரமானால் உகரம்: பத்மம், பதுமம். நகரமானால் அகரம்: ரத்னம், அரதனம். ரகரத்துக்குப் பின் உகரமும் வரும்: தர்மம், தருமம். இது 13ஆம் நூற்றாண்டு நூல். ஆனால் அவர் விதி செய்யவில்லை. அன்றைக்குத் தமிழர் வாய் என்ன செய்துகொண்டிருந்ததோ அதைப் பார்த்து எழுதிவைத்தார். உங்கள் ‘ம்ல’வில் பின்னால் நிற்பது லகரம். ஆகவே இகரம். ‘ப்ர’வில் ரகரம், ஆகவே இகரம். ‘க்ல’வும் அப்படியே. நன்னூல் சொன்னபடி அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறீர்கள். என் வகுப்பில் இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

இன்னொன்று. ஒரே மெய் இரட்டிக்கக் கூடாது என்று அந்த மொழியில் விதி இருப்பதாக மூன்றாம்ஷிப்ட் எழுதியிருக்கிறார். நமக்கு நேர் எதிர். க், ச், த், ப் நான்கும் தம்மோடு தாம் மட்டுமே மயங்கும். பிற மெய்யைச் சேர்த்துக்கொள்ளாது. பக்கம், அச்சம், பத்து, உப்பு. தன்னோடு தான் மயங்காதவை நம்மிடம் ர், ழ் இரண்டுதான். லோஜ்பானில் எல்லா மெய்யும் ரகர ழகரமாகிவிட்டது போலிருக்கிறது.

கொடுக்காப்புளி எழுதியது:

அம்மா, முழு மதிப்பெண்ணுக்கு நன்றி. ஆனால் சனிக்கிழமைத் தேர்வில் பூஜ்யம்தானே!

இரட்டிப்பு பற்றி நீங்கள் சொன்னதும் ஊர்ப் பெயர்கள் நினைவுக்கு வந்தன. சென்னையை எழுத முயன்றபோது ன்ன ஆகாது என்று ஒரு னகரத்தை வெட்ட வேண்டியதாயிற்று. பெயர் மெய்யில் முடிய வேண்டும் என்பதால் கடைசியில் ஒரு ஸகரம் வேறு. ‘த்ஷெனைஸ்’. ஏதோ கிரேக்கத் தீவு போல இருக்கிறது.

யாழ்நூலகன் எழுதியது:

யாழ்ப்பாணத்துக்கு ‘இஅல்பானம்’ என்று எழுதிக்கொண்டேன். ழகரம் லகரமாயிற்று, ஒரு பகரம் போயிற்று, ணகரம் போயிற்று. மெய்யில் முடிவதால் வாலில் ஒன்றும் ஒட்டத் தேவை இல்லை என்பது மட்டும் ஆறுதல். தஞ்சாவூர்க்காரர் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் நிலைமை இன்னும் மோசம்.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

நான் தஞ்சாவூர்தான். ஏன் மோசம் என்று மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மெய் சேர்ந்து வரும்போது முதல் இரண்டும் அனுமதிக்கப்பட்ட இணையாக இருக்க வேண்டும், கடைசி இரண்டும் அந்த 48-க்குள் இருக்க வேண்டும். இதற்கு மேல் நான்கு கூட்டங்களுக்குத் தனித் தடை: ன்-த்-ஷ், ன்-த்-ஸ், ன்-°த்-°ஷ், ன்-°த்-°ஸ். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ன்-ஸ் என்று சொல்லிப்பாருங்கள். நாக்கு னகரத்திலிருந்து விலகும்போது ஒரு தகரம் தானாகத் தெறிக்கும். பிறகு ன்-ஸ் எது, ன்-த்-ஸ் எது என்று காது எப்படிப் பிரிக்கும்?

நம்முடைய ‘ஞ்ச’ இருக்கிறதே, பஞ்சு, இஞ்சி, தஞ்சை, காஞ்சி, அது லோஜ்பான் கணக்கில் ன்-°த்-°ஷ். தடை செய்யப்பட்ட கூட்டம். தமிழில் குழந்தையும் சொல்லும் ஒலி! நான் °தகரத்தை வெட்டிவிட்டு ‘தான்°ஷாவுர்’ என்று எழுதுகிறேன். பிரெஞ்சுக்காரர் ஒருவர் பெரிய கோயிலைப் பார்க்க வந்து ஊர்ப் பெயர் சொல்வது போலக் கேட்கும்.

இனி அசல் கேள்வி. லோஜ்பானின் முழு இலக்கண நூல் 1997இல் வந்தது, ஜான் கோவன் எழுதியது. மெய் இணையைச் சொல்ல வராதவர்கள் உலகில் நிறைய உண்டு என்று அதிலேயே ஒப்புக்கொண்டு, இடையில் ஒரு குட்டி உயிரைச் செருகிக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஆக, இப்படித் தாங்கல் உயிர் (அந்தக் குட்டி உயிரை அப்படிச் சொல்கிறேன்) போடுவது தப்பே இல்லை. நிபந்தனைகள்தான் உண்டு. அந்த உயிர் மொழியின் ஆறு உயிர்களில் எதுவாகவும் காதில் விழக்கூடாது. மிகக் குறுகியதாக இருக்க வேண்டும். அசை எண்ணிக்கையிலும் அழுத்தத்திலும் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்கள் பரிந்துரைப்பது ஆங்கிலத்தில் ‘பிட்’ என்னும்போது வரும் தளர்ந்த இகரம்.

இங்கேதான் நமக்கு உதைக்கிறது. ஆங்கிலேயருக்கு ‘பிட்’டில் வருவது ஓர் உயிர், ‘பீட்’டில் வருவது வேறு உயிர். நமக்கு இரண்டும் இகரக் குடும்பம், ஒன்று குறில், ஒன்று நெடில். தளர்ந்த இகரத்தைத் தாங்கலாகப் போடுங்கள் என்றால் நாம் நன்னூல் இகரத்தைப் போட்டுவிட்டுப் ‘போட்டாயிற்று’ என்போம். மங்கல் அகரத்தைப் போடலாமா என்றால் அது ஏற்கெனவே பசை வேலை பார்க்கிறது. இ, அ, உ மூன்றுக்கும் கதவு சாத்தியாயிற்று. என்ன மிச்சம்?

அரைமாத்திரை எழுதியது:

குற்றியலுகரம் மிச்சம்.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

அம்மா, உகரம் ஆறில் ஒன்று.

அரைமாத்திரை எழுதியது:

உகரம் ஆறில் ஒன்று. குற்றியலுகரம் உகரமே அல்ல என்று நான் சொல்கிறேன். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ‘குரு’ என்று சொல்லுங்கள். இரண்டு உகரத்துக்கும் உதடு குவியும். இப்போது ‘காடு’ என்று சொல்லுங்கள். கடைசியில் உதடு குவிகிறதா? விரல் வைத்துப் பாருங்கள். குவியாது. பல் தெரியும்படி இருக்கும். எழுதுவது ஒரே எழுத்து, வாயில் வருவது வேறு ஒலி. அளவும் வேறு: உகரத்துக்கு ஒரு மாத்திரை, குற்றியலுகரத்துக்கு அரை. மெய்க்கு என்ன அளவோ அதே அளவு. பெயரைப் பார்த்தாவது என் கட்சி எது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

உங்கள் நூல் கேட்பது என்ன? ஆறு உயிரில் ஒன்றாகவும் கேட்கக்கூடாது, மிகக் குறுகியதாக இருக்க வேண்டும், அசைக் கணக்கில் சேரக்கூடாது. யாப்பிலும் சில இடங்களில் குற்றியலுகரத்தை நாங்கள் கணக்கில் கொள்வதில்லை. எல்லா நிபந்தனைக்கும் பொருந்தி ஓர் ஒலி தமிழர் வாயில் நாள் முழுக்க வந்துபோய்க்கொண்டிருக்கிறது. அதை எடுத்து மகரத்துக்கும் லகரத்துக்கும் நடுவில் வைத்தால் தீர்ந்தது.

வெண்டைக்காய் எழுதியது:

குற்றியலுகரம் சொல்லின் கடைசியில்தானே வரும், டீச்சர்? வல்லினத்தின் மேல் ஏறி. பத்தாம் வகுப்பில் படித்தது இன்னும் மறக்கவில்லை. நீங்கள் சொல்லின் தலையில் கொண்டுபோய் வைக்கிறீர்களே?

அரைமாத்திரை எழுதியது:

நல்ல மாணவர். ஆனால் பாடம் பத்தாம் வகுப்போடு முடியவில்லை. ‘நுந்தை’ என்று ஒரு முறைப்பெயர், உன் தந்தை என்ற பொருளில். அதன் முதலில் உள்ள நகரத்தின் மேல் நிற்பது குற்றியலுகரம் என்று தொல்காப்பியம் சொல்கிறது. சொல்லின் முதலிலும் வரும் என்பதற்கு அந்த ஒரு சொல்தான் சாட்சி. ஒன்று போதும். ‘நுந்தை’யை உதடு குவிக்காமல் சொல்லிப் பழகிக்கொண்டு, அதே வாயோடு ‘ம்லாது’வுக்குப் போங்கள்.

கொடுக்காப்புளி எழுதியது:

இரவு பத்து மணிக்குக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று காடு, குரு, நுந்தை, ம்லாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

ஆனால் வருகிறது! இகரம் போய்விட்டது. பதிவு செய்து கேட்டேன். மகரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மூச்சுப் போலத்தான் இருக்கிறது. ‘ப்ராமி’யும் வந்துவிட்டது.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

பதிவைத் தனிச்செய்தியில் அனுப்பியிருந்தீர்கள், கேட்டேன். முன்பாதி அருமை. பின்பாதியில் வேறொரு குண்டு வெடித்திருக்கிறது.

‘ம்லாது’வின் கடைசி உகரத்தைக் கவனியுங்கள். சொல்லின் இறுதி, தகரத்தின் மேல், முன்னால் நெடில் போல நீண்ட ஓர் அசை. டீச்சர் சொன்ன குற்றியலுகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? நீங்களும் அப்படியே சொல்லியிருக்கிறீர்கள், ‘வாது’, ‘மாது’ போல. உதடு குவியவில்லை. இப்போது கேட்பவருக்கு ‘இந்த ஆள் இடையில் போடும் இந்தக் குட்டி ஒலி கணக்கில் சேராது’ என்று பழகிவிட்டது. எனவே கடைசியில் வருவதையும் கணக்கில் சேர்க்க மாட்டார். மிச்சம் என்ன? ‘ம்லாத்’. மெய்யில் முடிகிறது. மெய்யில் முடிந்தால் பெயர். பூனை போய் ‘ம்லாத்’ என்று ஒரு மனிதர் வந்துவிட்டார்.

அரைமாத்திரை எழுதியது:

அதை நான் யோசிக்கவில்லை. உண்மைதான். நோயையும் மருந்தையும் ஒரே குப்பியில் ஊற்றிவிட்டேன்.

யாழ்நூலகன் எழுதியது:

நானும் கேட்டேன். உகரம் மட்டும் அல்ல, தகரமும் சரியில்லை. இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக நின்றதால் அது °தகரம் ஆகிவிட்டது. ‘ம்லா°து’ என்று கேட்கிறது. எழுதியிருப்பது ஒலிப்பில்லாத த.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

அதில் அவ்வளவு ஆபத்து இல்லை. ஐந்தெழுத்து வேர்ச்சொற்கள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. அவற்றை உருவாக்கும்போதே ஒரு காவல் போட்டிருக்கிறார்கள்: ஒரே இடத்தில் தவும் °தவும், கவும் °கவும், பவும் °பவும், லவும் ரவும் போல நெருங்கிய ஒலிகளால் மட்டும் வேறுபடும் இரண்டு சொற்கள் கூடாது என்று. ‘ஸான்தா’ என்றால் குடை. நாம் அதைச் சாந்தா அக்காவைக் கூப்பிடுவது போல ‘ஸான்°தா’ என்போம். பரவாயில்லை, ‘ஸான்°தா’ என்று வேறு சொல் கிடையாது. கேட்பவர் குடையை எடுத்துக் கொடுத்துவிடுவார்.

காவல் இல்லாதது சிறு சொற்களில்தான். ‘தா’ என்றால் ‘அது’, ‘°தா’ என்றால் ‘ஏதோ ஒன்று’. ‘°தோ’ என்றால் ‘நீ’, ‘தோ’ என்றால் முன்பே சொன்னேன், அடைப்புக்குறி. சொல்லின் முதலில் வல்லினத்தை அழுத்திச் சொல்வது நம் பழக்கம். ‘மி ப்ராமி தோ’ என்றால் ‘நான் காதலிக்கிறேன்’ என்று சொல்லி ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் நிற்கிறீர்கள். அவர்கள் மிச்சத்துக்காகக் காத்திருப்பார்கள்.

வெண்டைக்காய் எழுதியது:

இந்த ஒரு வாக்கியத்தை வைத்து எத்தனை விதமாகத்தான் காதலைக் கெடுப்பீர்கள்!

விளையாட்டுப் போகட்டும், எனக்கு ஒன்று தோன்றுகிறது. குறில் நெடில் வேறுபாடு அந்த மொழியில் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னீர்கள். அப்படியானால் உயிர்களை எவ்வளவு நீட்டினாலும் குற்றமில்லை அல்லவா? நம்மிடம் நெடிலுக்குப் பஞ்சமே இல்லையே. எல்லா அசல் உயிரையும் நெடிலாகவே சொன்னால் என்ன? ‘ம்லாதூ’. ஊகாரத்தை யாராலும் உதடு குவிக்காமல் சொல்ல முடியாது. அதைக் குற்றியலுகரமாகக் கேட்கவும் முடியாது.

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

வெண்டைக்காய், நீங்கள் சும்மா கிண்டல் செய்ய வந்தவர் என்று நினைத்திருந்தேன், மன்னிக்கவும். கோவனின் நூலும் இதைத்தான் சொல்கிறது: தாங்கல் உயிர் போடுகிறவர்கள் அசல் உயிர்களை நீட்டிச் சொன்னால் குழப்பம் வராது என்று. நான் படித்திருக்கிறேன், ஆனால் நம் நெடிலோடு முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

அரைமாத்திரை எழுதியது:

அப்படியானால் கணக்கும் நேராகிறது. தாங்கல் அரை மாத்திரை, அசல் இரண்டு மாத்திரை. நான்கு மடங்கு வித்தியாசம். ஒரு மாத்திரையை நடுவில் காலியாக விட்டுவிடுகிறீர்கள், அதனால் எது எந்தப் பக்கம் என்று காது தடுமாற இடமே இல்லை. குறிலை மறந்துவிடுங்கள். நோட்டில் எழுதும்போதும் ‘ப்ராமீ’, ‘க்லாமா’, ‘ம்லாதூ’ என்று நெடிலாகவே எழுதிப் பழகுங்கள்.

யாழ்நூலகன் எழுதியது:

ஓர் எச்சரிக்கை. அங்கே பொருள் தாங்கும் சொல்லில் அழுத்தம் கடைசிக்கு முந்திய அசையில். கடைசி அசையை நீட்டினால் அழுத்தமும் அங்கே நழுவிப்போகும் அபாயம் இருக்கிறது. ‘ம்லாதூ’வை ‘வா தம்பீ’ என்று கூப்பிடும் தொனியில் இழுத்தால் போச்சு. அழுத்தத்தை வைத்துத்தான் சொல் எங்கே முடிகிறது என்று அவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். ‘லா’வில் குரலை உயர்த்தி, ‘தூ’வில் இறக்கிச் சொல்ல வேண்டும். நீளம் இரண்டுக்கும் ஒன்று, குரல் ஏற்றம் முதலாவதற்கு மட்டும்.

கொடுக்காப்புளி எழுதியது:

சனிக்கிழமை முடிந்தது. அதே ஆள், அதே பூனை. முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டேன், என் வாயில் தாங்கல் உயிர் வரும், அசல் உயிரெல்லாம் நீளும் என்று. ஏழு சொற்கள் சொன்னேன், அவர் கேட்டதைத் தட்டினார். ம்லாதூ, ப்ராமீ, க்லாமா, ஸான்தா, °ஸ்°தானீ (வீடு), ஷ்காஃபீ (காப்பி), க்லாகூ (அழுதல்).

ஆறு சரி. பூனை பூனையாகவே போய்ச் சேர்ந்தது, அவர் அதன் முன்னங்காலைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினார். ஏழாவதுதான் உதைத்தது. ‘க்லாகூ’வின் ககரம் உயிர்களுக்கு நடுவில் நின்றதும் என் வாயில் ‘க்லாஹூ’ ஆகிவிட்டது. நாம் ‘அகம்’ என்பதை ‘அஹம்’ மாதிரிச் சொல்வோமே, அப்படி. அதை அழுத்திச் சொல்லப் போனால் ‘க்லாக்கூ’ என்று இரட்டிக்கிறது, அதுவும் கூடாது. ஒற்றைக் ககரத்தை ஒலிப்பில்லாமல், உரசாமல், இரட்டிக்காமல் இரண்டு உயிருக்கு நடுவில் நிறுத்த ஏதாவது வழி இருக்கிறதா?

அரைமாத்திரை எழுதியது:

இருக்கிறது. ‘பாக்கு’ என்று சொல்லத் தொடங்கி, முதல் ககரத்திலேயே அவசரப்பட்டு விட்டுவிடுங்கள். பேரன் தூங்கிவிட்டான், அவனை வைத்துச் சோதித்துவிட்டு நாளைக்கு எழுதுகிறேன்.